மோனோமர் பேரலுக்கும் மூச்சு வேணும்: பியூட்டைல் அக்ரிலேட்டைப் பத்திரமாக வைப்பது எப்படி?

வீட்டுச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட், பார்சல் ஒட்டும் டேப், பனியன் துணியில் படம் அச்சடிக்கும் பைண்டர், மாடியில் பூசும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, தோல் பொருள்களின் பளபளப்பு மேற்பூச்சு. இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்களாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒரே ஒரு திரவத்தின் பங்கு இருக்கிறது. அதன் பெயர் பியூட்டைல் அக்ரிலேட். தொழிற்கூடங்களில் சுருக்கமாக ‘பி.ஏ.’ என்றோ, பொதுவாக ‘மோனோமர்’ என்றோ சொல்வார்கள்.

கொச்சி அம்பலமுகலில் உள்ள பாரத் பெட்ரோலியம் வளாகத்தில் அக்ரிலேட் வகை ரசாயனங்களைத் தயாரிக்கும் பெரிய ஆலை 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இறக்குமதியாகும் சரக்கு துறைமுகங்கள் வழியாக வருகிறது. டேங்கரில் வரும் திரவம் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. பேரலில் வருவது சின்னச் சின்னக் கூடங்களுக்கும் போகிறது. பெரிய ஆலையில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், வெப்பநிலையைப் பார்க்கக் கருவி இருக்கும். நான்கு பேர் வேலை செய்யும் பசைத் தயாரிப்புக் கூடத்தில் அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது. அங்கே இருப்பது ஒரு ஷெட்டும், ஓரத்தில் அடுக்கிய பேரல்களும்தான். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்காகவும், அந்த ஷெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

மோனோமர் வேறு, பாலிமர் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘அக்ரிலிக்’ என்று எழுதியிருக்கும் எல்லாமே ஆபத்தானவை அல்ல. பெயின்ட் டப்பாவில் இருப்பது பாலிமர். அதாவது ஆயிரக்கணக்கான சின்ன மூலக்கூறுகள் சங்கிலிபோலக் கோர்த்து முடிந்துபோன பொருள். அது தண்ணீரில் கலந்து பால்போல இருக்கும். அதில் இனிமேல் கோர்ப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

மோனோமர் என்பது கோர்க்கப்படாத மணி. ஒவ்வொரு மணியும் அடுத்த மணியோடு சேரத் தயாராகவே இருக்கிறது. ஆலையில் உள்ள கலனுக்குள், தேவையான நேரத்தில், குளிர்வித்துக்கொண்டே சேர வைத்தால் நமக்குப் பைண்டர் கிடைக்கிறது. அதே சேர்க்கை குடோனில் மூடிக் கிடக்கும் பேரலுக்குள் தானாகவே ஆரம்பித்தால்தான் விபத்து.

மணிகள் சேரும்போது வெப்பம் வெளிவரும். பியூட்டைல் அக்ரிலேட்டில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 600 கிலோஜூல். இது எவ்வளவு என்று புரிய வேண்டுமானால் இப்படிப் பாருங்கள்: அந்த வெப்பம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கினால், திரவத்தின் வெப்பநிலையைச் சுமார் 300 டிகிரி ஏற்றப் போதும். திரவம் கொதிப்பதோ 145 டிகிரி அளவிலேயே. ஆகவே பேரல் வீங்கும், மூடி பிய்த்துக்கொண்டு போகும், சூடான ஆவி வெளியே பாயும். பக்கத்தில் நெருப்பு இருந்தால் அது பற்றிக்கொள்ளும். இந்தச் சேர்க்கை ஆரம்பிக்க வெளியிலிருந்து தீப்பொறி எதுவும் தேவையில்லை. பெட்ரோலுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான்.

இயல்புகள் ஒரு பார்வையில்

- நிறமில்லாத, தெளிவான திரவம். கூர்மையான பழவாடை அடிக்கும்.
- அடர்த்தி 0.9. தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும். மீதி தண்ணீர் மேல் மிதக்கும்.
- ஆவி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனமானது. ஆகவே தரையோடு தவழ்ந்து பள்ளம், சாக்கடை, கீழ்த்தளம் ஆகியவற்றில் தேங்கும்.
- தீப்பற்றத் தேவையான ஆவியைத் தரும் வெப்பநிலை, அதாவது ஃபிளாஷ் பாயின்ட், 36 முதல் 40 டிகிரி செல்சியஸ் அளவில்.
- காற்றில் ஆவியின் அளவு சுமார் 1.5 சதவீதத்தைத் தொட்டால் தீப்பிடிக்கக்கூடிய கலவையாகிவிடும்.
- ஐக்கிய நாடுகள் சரக்கு எண் 2348. எளிதில் தீப்பற்றும் திரவங்கள் என்ற 3ஆம் வகுப்பு.

இந்தப் பட்டியலில் ஃபிளாஷ் பாயின்ட்டை நம்ம ஊர் வெயிலோடு வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்நாடுகளில் எழுதப்படும் கையேடுகளைப் படித்தால், சாதாரண அறை வெப்பத்தில் இது அவ்வளவு சீக்கிரம் பற்றாது என்ற எண்ணம் வரும். அங்கே அது சரி. ஆனால் வேலூரிலும் கரூரிலும் மதுரையிலும் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கூடும். மார்கழியில் சாதுவாக இருந்த அதே பேரல், சித்திரை கத்திரியில் மூடியைத் திறந்த மாத்திரத்தில் பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். ‘இத்தனை வருஷமா இப்படித்தான் வச்சிருக்கோம், ஒண்ணும் ஆகலையே’ என்று சொல்பவர்கள், எந்த மாதத்தில் என்பதையும் யோசிக்க வேண்டும்.

உள்ளே ஒரு காவல்காரர்

மோனோமர் தானாகச் சேரும் இயல்புள்ளது என்றால், பேரலில் அடைத்து லாரியில் ஏற்றி மாதக்கணக்கில் எப்படி வைக்க முடிகிறது? தயாரிக்கும் இடத்திலேயே அதில் ஒரு தடுப்பானைக் கலக்கிறார்கள். தொழிலில் ‘இன்ஹிபிட்டர்’ என்பார்கள். பெரும்பாலும் எம்.இ.எச்.க்யூ. என்ற பொருள். அளவு பத்து லட்சத்தில் 10 முதல் 20 பங்குதான். 180 கிலோ பேரலில் மொத்தமே இரண்டு, மூன்று கிராம். எங்கேயாவது இரண்டு மணிகள் சேரத் தொடங்கினால் இது ஓடிப்போய் அந்தச் சங்கிலியை வெட்டிவிடும்.

இந்தக் காவல்காரரைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, தனியாக வேலை செய்ய இவரால் முடியாது. திரவத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கூட இருந்தால்தான் வேலை நடக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை. தீப்பற்றும் திரவம் என்றால் காற்றே படக்கூடாது, நைட்ரஜன் நிரப்பி மூடினால்தான் பாதுகாப்பு என்று நினைப்பது இயற்கை. பல கரைப்பான்களுக்கு அது சரியான முறையும்கூட. ஆனால் இந்த அக்ரிலேட்டுக்கு அதையே செய்தால், காவல்காரரின் மூச்சை நாமே நிறுத்துவது மாதிரி. தடுப்பான் அளவு சரியாக இருந்தும் சேர்க்கை தொடங்கிவிடலாம். ஆகவே சுத்தமான நைட்ரஜனைச் செலுத்தக் கூடாது. பேரலை விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. மேலே பத்தில் ஒரு பங்காவது காற்றுக்கு இடம் இருக்க வேண்டும்.

இரண்டு, இவர் வேலை செய்யச் செய்யக் கரைந்துகொண்டே வருவார். வெப்பம் ஏற ஏற, கரையும் வேகமும் கூடும். நிழலில் வைத்த பேரலில் ஒரு வருஷம் தாங்குவது, வெயிலில் நிற்கும் பேரலில் அதற்கு வெகு முன்னாலேயே தீர்ந்துபோகலாம்.

மூன்று, தீர்ந்துபோனால் வெளியே ஒன்றும் தெரியாது. நிறம் மாறாது, வாடை மாறாது. கடைசி நாள் வரை அமைதியாக இருக்கும் திரவம், அதற்குப் பிறகு சில மணி நேரத்தில் கைமீறிவிடும்.

இரண்டு விபத்துகள் சொல்லும் பாடம்

2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினத்தில் நடந்தது நம் நினைவில் இருக்கிறது. அது அக்ரிலேட் அல்ல, ஸ்டைரீன். ஆனால் அதுவும் தடுப்பான் போட்டு வைக்க வேண்டிய ஒரு மோனோமர்தான். பொதுமுடக்கத்தால் ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. தொட்டியில் ஸ்டைரீன் அப்படியே இருந்தது. தடுப்பான் போதிய அளவில் இல்லை. வெப்பநிலை தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே பார்க்கப்பட்டது. மேல்பகுதி சூடேறியது தெரியவில்லை. ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு இந்தக் குறைகளைச் சுட்டிக்காட்டியது. ஆவி ஊருக்குள் பரவி 12 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தூங்கிக்கொண்டிருந்த சாதாரண மக்கள்.

இன்னொன்று ஜப்பானின் ஹிமேஜியில், 2012 செப்டம்பர் 29. அங்கே தொட்டியில் இருந்தது அக்ரிலிக் அமிலம். பியூட்டைல் அக்ரிலேட் தயாரிக்க மூலப்பொருளே அதுதான். தொட்டியில் வழக்கத்தைவிட அதிகமாகத் திரவம் தேக்கப்பட்டது. குளிர்விக்கும் குழாய் இருந்தது அடிப்பகுதியில். மேல்பகுதித் திரவத்தைச் சுற்றிவரச் செய்யும் வழி திறக்கப்படவில்லை. மேலே இருந்த சூடான பகுதியில் வினை தொடங்கித் தொட்டி வெடித்தது. குளிர்விக்க வந்திருந்த ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். 36 பேர் காயமடைந்தார்கள்.

இரண்டு இடத்திலும் தீக்குச்சி கிழித்தவர் யாரும் இல்லை. திரவம் ‘சும்மா கிடக்குது’ என்ற நினைப்பே காரணம். மோனோமர் ஒருபோதும் சும்மா கிடப்பதில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் விதிகள் எல்லாம் தானாகவே புரியும்.

பேரலை எங்கே, எப்படி வைப்பது?

நிழலில் வைக்க வேண்டும். திரவத்தின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டக் கூடாது. 30க்குள் இருந்தால் நல்லது. தகரக் கூரை என்றால் கீழே ஒரு உள்கூரை அடித்து, இரண்டுக்கும் நடுவே காற்று போக இடம் விடலாம். கூரையில் வெள்ளை பூசுவதும் உதவும். கூரைக்கு அருகிலும் தரைக்கு அருகிலும் காற்றோட்டம் தேவை. ஆவி கனமானது என்பதால் தரைமட்டத்தில் திறப்பு இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்து வைத்தும் பயனில்லை.

ஒரு வெப்பமானியை வாங்கி மாட்டுங்கள். கோடையில் பிற்பகல் 3 மணிக்கு ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதினால் போதும். ஒரு மாதத்தில் உங்கள் ஷெட் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பேரலிலும் வந்த தேதியைப் பெயின்டில் பெரிதாக எழுதுங்கள். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. புதிதாக வந்த பேரல்கள் முன்னால் நிற்கும். பழையது சுவரோரம் மாட்டிக்கொள்ளும். ‘போன வருஷ ஸ்டாக் அண்ணே, மூலையில கெடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விடப்படும் பேரல்தான் கவலைக்குரியது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட காலக்கெடு நெருங்கினால், சப்ளையரிடம் கேட்டுத் தடுப்பான் அளவைச் சோதிக்க வேண்டும். சோதிக்க வசதி இல்லாதவர்கள், மூன்று மாதத்தில் தீர்ந்துபோகும் அளவுக்கு மட்டும் வாங்குவது நல்லது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் கோடைக்கு முன்னால் மொத்தமாக வாங்கி அடுக்குவது இந்தச் சரக்கில் லாபக் கணக்கு அல்ல.

பக்கத்தில் எதை வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். பைண்டர் தயாரிக்கும் கூடத்தில் சேர்க்கையைத் தொடங்கி வைக்கப் பெர்சல்ஃபேட், பெராக்சைடு போன்ற பொருள்களைப் பயன்படுத்துவார்கள். அவை மோனோமர் குடோனுக்குள் ஒரு கைப்பிடிகூட வரக் கூடாது. அமிலம், காரம், அமீன் வகைகளும் தனி அறையில்தான் இருக்க வேண்டும். துருவும் ஆகாது. உள்ளே துருப்பிடித்த பழைய பேரலில் மோனோமரை மாற்றி ஊற்றக் கூடாது. வெளியே எடுத்த மிச்சத்தைத் திரும்பப் பேரலிலேயே ஊற்றுவதையும் தவிர்க்க வேண்டும். வாளியில் ஒட்டியிருந்த அழுக்கு அதோடு சேர்ந்து உள்ளே போகும்.

கசிந்தால் பரவாமல் நிற்க, குடோனைச் சுற்றி ஒரு குட்டைச் சுவர் கட்டுங்கள். தரையில் இருந்து சாக்கடைக்கு நேர் வழி இருக்கக் கூடாது.

கையாளும்போது

ஊற்றும்போதும் பம்ப் செய்யும்போதும் நிலைமின்சாரம் உருவாகும். பேரலையும் வாங்கும் பாத்திரத்தையும் கம்பியால் இணைத்து எர்த் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் பிடிப்பது கூடாது. சாதாரண சுவிட்ச், எக்ஸாஸ்ட் ஃபேன், செல்போன் எல்லாம் பொறி தரக்கூடியவை. தீப்பொறி தராத வகைச் சாதனங்களையே அந்த இடத்தில் பொருத்த வேண்டும்.

கைக்கு மெல்லிய ரப்பர் கிளவுஸ் போதாது. அக்ரிலேட் அதற்குள் சீக்கிரம் ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறை நல்லது. நைட்ரைல் கையுறை தெறிப்பைக் கொஞ்ச நேரம் தாங்கும். பட்ட உடனே கழற்றி மாற்ற வேண்டும். கண்ணுக்கு முழுவதும் மூடிய கண்ணாடி வேண்டும். துணி மாஸ்க்கால் ஆவியைத் தடுக்க முடியாது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி தேவை.

சிந்தினால் தண்ணீர் அடித்துச் சாக்கடையில் தள்ளிவிடுவது பலர் செய்யும் தவறு. திரவம் தண்ணீர் மேல் மிதந்து, சாக்கடை வழியாக ஆவியை அடுத்த தெரு வரை கொண்டுபோகும். மணல் போட்டு உறிஞ்சி, அள்ளி, அபாயகரக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். அள்ளியதைக் காற்றுப்புகாமல் இறுக்கி மூடி வெயிலில் வைக்காதீர்கள். அதற்குள்ளும் மோனோமர் இருக்கிறது.

காலி பேரல் காலி அல்ல

சின்னத் தொழிலில் பேரலுக்கு ஒரு மறுவிலை உண்டு. பழைய இரும்புக் கடைக்குப் போகும். சில நேரம் தண்ணீர் பிடிக்க வீட்டுக்கும் போகும். இரண்டுமே ஆபத்து.

முழுப் பேரலைவிடக் காலிப் பேரல் சீக்கிரம் வெடிக்கும். அடியில் ஒட்டியிருக்கும் ஒரு டம்ளர் திரவம் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு சரியான விகிதத்தில் கலந்து நிற்கும். அதன் மேல் கேஸ் கட்டிங் வைத்தாலோ, கிரைண்டரால் மூடியை அறுத்தாலோ, அறுப்பவரின் முகத்துக்கு நேராக வெடிக்கும். பேரலை வெட்டும் தொழிலாளிக்கு அதற்குள் என்ன இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. லேபிளைக் கிழிக்காமல் விடுவது குறைந்தபட்ச நியாயம்.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இப்படிப்பட்ட காலிக் கலன்களும் அபாயகரக் கழிவு வகையைச் சேர்ந்தவை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். வீட்டுத் தண்ணீருக்கு, எத்தனை தடவை கழுவினாலும், இந்தப் பேரல் வேண்டவே வேண்டாம்.

உடலுக்கு என்ன செய்யும்?

கண், மூக்கு, தொண்டை எரியும். தோலில் பட்டால் சிவக்கும். சிலருக்குத் தோல் ஒவ்வாமை வந்துவிடும். ஒரு தடவை வந்தால், அதற்குப் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே கை முழுதும் அரிப்பும் தடிப்புமாகும். அப்படிப்பட்டவர் அந்த வேலையைத் தொடர்வது கடினம். ஆகவே ‘கொஞ்சம்தானே பட்டுச்சு’ என்று விடக் கூடாது.

வாடையைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் வெகு குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு வைத்திருக்கும் சராசரி வரம்பு பத்து லட்சத்தில் 2 பங்கு. தீப்பிடிக்கத் தேவையானதோ பத்து லட்சத்தில் 15,000 பங்கு. அதனால் தெருவில் லேசாக வாடை வந்த உடனே வெடித்துவிடும் என்று பதற வேண்டியதில்லை. அது ஏதோ கசிகிறது என்ற தகவல். புகார் செய்ய அது போதும். ஆனால் உள்ளே வேலை செய்பவர் மூக்கை நம்பக் கூடாது. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகி, வாடையே தெரியாமல் போகும்.

முதலுதவி இதுதான்:

- கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.
- உடையில் பட்டால் உடனே கழற்றி, சோப்பும் தண்ணீரும் போட்டு உடம்பைக் கழுவ வேண்டும். தோல் செருப்பு, தோல் வாட்ச் பட்டையில் ஊறிவிட்டால் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்; கழுவினாலும் போகாது.
- ஆவியைச் சுவாசித்து மயக்கம், இருமல் வந்தால் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108ஐ அழைக்க வேண்டும்.
- விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.
- மருத்துவமனைக்குப் போகும்போது பாதுகாப்புத் தரவுத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ‘ஏதோ கெமிக்கல்’ என்று சொன்னால் மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பேரல் வீங்கினால்

பக்கவாட்டில் அல்லது மூடிப் பக்கம் உப்பிய பேரல், தொட்டால் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் பேரல், ஊற்றும்போது பிசின்போல நூல் இழுக்கும் அல்லது கொழகொழவென்று வரும் திரவம் ஆகியவை காவல்காரர் போய்விட்டார் என்பதற்கான அடையாளங்கள்.

அந்த நேரத்தில் மூடியைத் திருகி ‘பிரஷரை விட்டுப் பாப்போம்’ என்று யாரும் முயலக் கூடாது. உருட்டி வெளியே கொண்டுபோகவும் கூடாது. கூடத்தில் இருக்கும் எல்லோரையும், பக்கத்து வீட்டுக்காரர்களையும் வெளியேற்றுங்கள். 101 அல்லது 112க்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ‘பியூட்டைல் அக்ரிலேட், எண் 2348, இத்தனை பேரல், ஒன்று சூடாகிறது’ என்று சொன்னால், வரும் வீரர்கள் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். பேரலைக் குளிர்விக்கத் தூரத்தில் இருந்து தண்ணீர் தெளிப்பது அவர்கள் வேலை. தீப்பிடித்த திரவத்தை அணைக்க நுரை, உலர் ரசாயனப் பொடி, கார்பன் டை ஆக்சைடு ஆகியவை பயன்படும். நேரடியாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் எரியும் திரவம் மிதந்து பரவும்.

சாலையில் டேங்கர் கவிழ்ந்தால்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அபாயகரச் சரக்கு ஏற்றிய வண்டியில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். அதில் சரக்கின் எண், தீ படம் போட்ட சாய்சதுர அடையாளம், அழைக்க வேண்டிய தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். டிரைவரிடம் அவசரகால அட்டை இருக்கும். 2348 என்ற எண்ணைப் பார்த்தால் இதுதான் சரக்கு என்று தெரிந்துகொள்ளலாம்.

பலகையைத் தூரத்தில் இருந்தே படியுங்கள். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். காற்று எந்தப் பக்கம் இருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். கசிவு மட்டும் என்றால் குறைந்தது 50 மீட்டர், பெரிய கசிவு என்றால் காற்று போகும் திசையில் 300 மீட்டர், டேங்கரே தீயில் இருந்தால் 800 மீட்டர் விலக வேண்டும் என்பது சர்வதேச அவசரகாலக் கையேடுகளின் வழிகாட்டுதல். குடம், கேன் எடுத்துக்கொண்டு பிடிக்கப் போவது உயிருக்கே உலை வைக்கும். டீக்கடை அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள். பைக்கைக் கிக் அடிக்காமல் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வாய்க்கால், ஏரி பக்கம் என்றால் அதையும் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சிற்றூரில் சரக்கு ரயிலின் 38 பெட்டிகள் தடம் புரண்டன. ஒரு பெட்டியில் இருந்தது பியூட்டைல் அக்ரிலேட். அது மற்ற ரசாயனங்களோடு சேர்ந்து ஓடைகளில் கலந்தது. 43 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களும் பிற நீர்வாழ் உயிர்களும் இறந்ததாக அந்த மாநில இயற்கை வளத் துறை கணக்கிட்டது. சில நாளில் ஒஹாயோ ஆற்றிலும் பியூட்டைல் அக்ரிலேட்டின் தடயம் தெரிந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கீழே இருக்கும் சின்சினாட்டி நகரம், முன்னெச்சரிக்கையாக ஆற்றில் இருந்து குடிநீர் எடுப்பதையே தற்காலிகமாக நிறுத்தியது. நம் ஊரில் ஒரு கண்மாய்க்குள் ஒரு டேங்கர் சரக்கு போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கே கேட்பது, யாரிடம் சொல்வது?

1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயனங்கள் தயாரிப்பு, சேமிப்பு, இறக்குமதி விதிகள் இரண்டு விஷயத்தை உறுதி செய்கின்றன. ஒன்று, ரசாயனத்துக்குப் பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்க வேண்டும். வாங்குபவர் சப்ளையரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். தொழிலாளர் முதலாளியிடம் கேளுங்கள். இரண்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயகர ரசாயனம் வைத்திருக்கும் ஆலை, விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்து மக்களுக்கு, ஆபத்து என்ன, அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். ஆகவே, ‘உங்க ஆலையில் என்ன இருக்கு?’ என்று கேட்பது வம்பு இல்லை.

- தீ, கசிவு, வீங்கிய பேரல்: 101 அல்லது 112
- ஆம்புலன்ஸ்: 108
- மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077, மாநில அறை: 1070
- தொழிற்சாலைக்குள் பாதுகாப்புக் குறைபாடு: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம்
- தொடர்ந்து வரும் வாடை, கழிவு, காலிப் பேரல் விற்பனை: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம்
- எங்கே சொல்வது என்று தெரியவில்லை என்றால்: முதல்வரின் உதவி மையம் 1100

சின்னக் கூடம் நடத்துபவர்கள் இந்த வாரம் ஒரு வேலை செய்யலாம். குடோனுக்குப் போய், சுவரோரம் இருக்கும் கடைசிப் பேரலை முதலில் கண்ணால் பாருங்கள். உப்பியிருந்தால் கிட்டே போகாமல் 101க்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் தேதியைப் பாருங்கள். தேதியே இல்லை, எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லை என்றால், சப்ளையரைக் கூப்பிட்டு அன்றைக்கே அதற்கு ஒரு வழி பண்ணுங்கள். குளிர்ச்சி, பேரலுக்குள் கொஞ்சம் காற்று, தேதிக் கணக்கு. இந்த மூன்றும் இருந்தால் அந்தக் காவல்காரர் தன் வேலையைச் செய்வார்.